காக்கா மூக்கும் காவடித் தோளும்

இந்தத் தீவில் யார் தோளை அமுக்கினாலும் முதலில் வெளியே வருகிற சொல் "அய்யோ". தமிழர்கள் மட்டும் இல்லை, போஜ்புரி பேசும் வீட்டுப் பாட்டி, சீனக் கடைக்காரர், கிரியோல் பையன், பிரெஞ்சுப் பெயர் வைத்த வெள்ளைக்கார அம்மா, எல்லாருக்கும் வலித்தால் அய்யோதான். நம் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்ததில் சண்டை போடாமல் எல்லாரும் பங்கு போட்டுக்கொண்ட ஒரே சொத்து அது என்பார் என் வீட்டுக்காரர். மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன், பதினோரு வருடமாக நாளெல்லாம் அய்யோ கேட்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன், எல்லா அய்யோவும் ஒன்றில்லை. கை சில்லென்று இருப்பதற்கு ஓர் அய்யோ, எலும்பில் குத்திவிட்டதற்கு ஓர் அய்யோ, நிஜமாகவே நோகிற இடம் அகப்பட்டதற்கு ஓர் அய்யோ. இந்த மூன்றையும் பிரிக்கத் தெரியாமல் நான் ஒரு செய்முறைத் தேர்வையே கோட்டை விட்டவள்.

கும்பகோணம் பக்கம் வளர்ந்து, தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் நாலரை வருடம் பி.பி.டி. என்கிற பிசியோதெரபிப் பட்டம் படித்தேன். முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் தொட்டுப் பார்த்துத்தான் படித்தோம். மார்புத் தசை என்று வந்ததும் மட்டும் வகுப்பே வேறு மாதிரி ஆகிவிடும். பெண்கள் பக்கம் திரை, ஆண்கள் பக்கம் அடக்கின சிரிப்பு, சார் அவசர அவசரமாகக் கரும்பலகையில் படம் போட்டு அம்புக்குறி இட்டுவிட்டு மணி அடிப்பதற்குள் முதுகுக்குப் போய்விடுவார். அதனால் பெக்டோரலிஸ் மேஜர் என்கிற பெரிய மார்புத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓர் ஆள் உடம்பில் காட்டு என்றால் விரல் நடுங்கும்.

தேர்வன்று எனக்கு வந்தவர் ஐம்பது வயது, ஒல்லியான மனிதர், வலது தோள் முன்பக்கம் வலி. கழுத்தடியில் குறுக்கே போகும் காறை எலும்பின் வெளிப்பாதிக்குக் கீழே, ஓர் அங்குலம் இறங்கி, கட்டை விரலால் அழுத்தினேன். துள்ளிவிட்டார். ஆஹா, கிடைத்துவிட்டது என்று நினைத்து "இங்கே தசைநாண் வீங்கியிருக்கு சார்" என்று அறிவித்தேன். தேர்வாளர் ஒன்றும் பேசாமல் அந்த மனிதரின் வலிக்காத இடது தோளில் அதே இடத்தை அழுத்தினார். அதே துள்ளல். அப்புறம் என்னைப் பார்த்து, "உன்னோடதையே அழுத்திப் பாரும்மா" என்றார். அழுத்தினேன். அய்யோ.

அந்த இடத்துக்குப் பெயர் கோரகாய்டு. தோள்பட்டை எலும்பிலிருந்து முன்பக்கமாக வளைந்து நீட்டிக்கொண்டு வரும் ஒரு கொக்கி. கிரேக்க மொழியில் காக்கையின் மூக்கு மாதிரி இருப்பது என்று அர்த்தம். நான் அதற்குப் பிறகு அதைக் காக்கா மூக்கு என்றுதான் சொல்கிறேன். பெக்டோரலிஸ் மைனர் என்கிற சின்ன மார்புத் தசை, மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் குட்டைத்தலை, இன்னொரு சின்னத் தசை, எலும்போடு எலும்பைக் கட்டும் சில நார்கள், இத்தனையும் அந்தக் கொக்கியில் வந்து கட்டியிருக்கின்றன. நோய் எதுவும் இல்லாத ஆளுக்கும் அதை அமுக்கினால் நோகும். நோகிற இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை, எல்லாருக்கும் நோகிற இடம் எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். இப்போது நான் எப்போதும் நல்ல பக்கத்தைத்தான் முதலில் தொடுகிறேன். நோயாளிகள் "மதாம், அந்தத் தோள் இல்லை, இது" என்று திருத்துவார்கள். தெரியும் என்பேன்.

எனக்கு வித்தை வந்தது பயிற்சி வருடத்தில், ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் இருந்த சீனியர் அக்காவிடம். தொட்டுக்காட்டாத வித்தை சுட்டுப்போட்டாலும் வராது என்பார்களே, அதை அப்படியே நம்பியவர். வாயால் விளக்கவே மாட்டார். நம் விரலை எடுத்து இடத்தில் வைத்து, அதன் மேல் தன் விரலை வைத்து, எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவு மட்டும் அழுத்துவார். ஒருநாள் நான் ஒருவரின் தோளில் கோழி கிளறுவது மாதிரி கிளறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "நீ ஏன் தேடுற? அது எங்கயும் ஓடிப்போகல. அதுக்கு ஒரு வேலை குடு, அதுவா வந்து உன் விரல்ல முட்டும்" என்றார். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இதைவிட நல்லதாக ஒரு வாக்கியம் இந்தத் தொழிலில் நான் கேட்கவில்லை.

அவர் கொடுத்த வீட்டுப்பாடம் இன்னும் வேடிக்கை. தலைமுடி ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, செய்தித்தாள் ஒரு தாளால் மூடி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் முடி எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். கிடைத்தால் இரண்டு தாள். அப்புறம் மூன்று. அழுத்தினால் முடி காணாமல் போய்விடும், மெதுவாக விரலை நகர்த்தினால்தான் தட்டுப்படும். நான் நாலு தாள் வரை போனேன். அக்கா எட்டு என்று சொன்னார், அதை நான் நம்பவில்லை.

சரி, நீங்களே செய்து பாருங்கள். வலது கையை இடுப்பில் வையுங்கள், மாமியார் வாசலில் நின்று யாரையோ கேட்கத் தயாராவது மாதிரி. இடது கைக் கட்டை விரலை வலது அக்குளுக்குள் விட்டு, மற்ற விரல்களை மார்பின் முன்பக்கம் வைத்து, அங்கே மடிப்பாக இருக்கும் சதையை லேசாகப் பிடியுங்கள். இப்போதைக்கு அது பிசைந்து வைத்த மாவு மாதிரி இருக்கும். வலது உள்ளங்கையால் இடுப்பை உள்பக்கமாக அழுத்துங்கள். மாவு கயிறாகிவிட்டதா? அழுத்துவதை விடுங்கள், மறுபடியும் மாவு. அதுதான் பெக் மேஜரின் வெளி ஓரம், அக்குளின் முன்சுவர். பின்சுவர் வேறு ஆட்கள். கையைப் பின்பக்கமாக இழுத்தால் அவர்கள் எழுந்திருப்பார்கள்.

அந்த ஒரே தசைக்குள் இரண்டு தலை இருக்கிறது, இரண்டும் வேறு வேறு வேலை செய்யும் என்பது கரும்பலகையில் படித்தால் மறந்துபோகும், மேசையடியில் படித்தால் மறக்காது. மேசை முன் உட்கார்ந்து கையை முன்னே நீட்டி மேசையை அடியிலிருந்து மேலே தூக்கப் பாருங்கள். காறை எலும்புக்குக் கீழே உள்ள மேல்தலை விறைக்கும். அதே கையை மேசை மேல் வைத்துக் கீழே அழுத்துங்கள். மேலே தளர்ந்து, மார்பெலும்பிலிருந்து வருகிற கீழ்த்தலை விறைக்கும். விரலை நார் ஓடும் திசையில் நெடுக்கே தடவினால் ஒன்றும் தெரியாது. கயிற்றுக் கட்டிலில் கயிறு போகும் போக்கில் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும், குறுக்கே தடவினால்தான் ஒவ்வொரு கயிறாக எண்ண முடியும், அதே சங்கதிதான்.

மேல்தலைக்கும் தோளைப் போர்த்தியிருக்கும் டெல்டாய்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரிப் பள்ளம் இருக்கிறது, ஒல்லியானவர்களுக்குக் கண்ணுக்கே தெரியும், அதில் கைச்சிரை ஒன்று ஓடுகிறது. அந்த வாய்க்காலைப் பிடித்து மேலே போனால் காறை எலும்புக்குக் கீழே ஒரு குழி, அந்தக் குழியின் வெளிக்கரையில் காக்கா மூக்கு. நான் தேர்வில் விழுந்த இடம்.

இந்த ஊரில் வந்து எனக்கு முதலில் குழப்பம் கொடுத்தது தசை இல்லை, சொல். "லெஸ்தோமா ஃபேர் மால்" என்று ஒருவர் வந்தார். பிரெஞ்சு தெரிந்த மிதப்பில் வயிறு என்று எடுத்துக்கொண்டு படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தேன், மனிதர் பொறுமையாக என் கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சான கிரியோலில் அது நெஞ்சு. அதற்கு அப்புறம் யார் வந்தாலும் முதல் கேள்வி "கோட் ஃபேர் மால்?", எங்கே வலிக்கிறது, வாயால் சொல்ல வேண்டாம், விரலால் காட்டுங்கள். ஒற்றை விரலால் ஒரு புள்ளியைக் காட்டுபவர், உள்ளங்கையால் ஒரு பரப்பைத் தடவுபவர், முஷ்டியை நெஞ்சில் வைப்பவர் என்று மூன்று வகை. மூன்றாவது வகையை நான் தொடுவதே இல்லை, அது பற்றி இப்போதே வருகிறேன்.

தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. ஜனவரி, பிப்ரவரி, பூமியின் தென்பாதியில் இருக்கும் நமக்குக் கொளுத்தும் கோடை. பத்து நாள் விரதம் இருந்து, ஆற்றங்கரையில் காவடி கட்டி, பூவும் மயிலிறகுமாக மரச்சட்டத்தைத் தோளில் ஏற்றி, இரண்டு பக்கமும் பால் செம்பு தொங்க, தார்ச்சாலையில் வெறுங்காலோடு கோயிலுக்கு நடப்பார்கள். கத்ர் போர்ன் பக்கம் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கடைசியில் படியும் உண்டு. அடுத்த நாள் கோயில்களில் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு மிச்சம், என் கிளினிக்கில் தோள் மிச்சம். அந்த ஒரு வாரம் நான் பார்க்கும் தோள்களின் மேல்பக்கம், கழுத்திலிருந்து தோளுக்கு வரும் டிரபீசியஸ் தசை மேல் சட்டம் உட்கார்ந்த இடம், கன்றிப்போய் நீலமாக இருக்கும். அதற்கெல்லாம் பெரிய பரிசோதனை வேண்டாம்.

அப்படி ஒரு வருடம், காவடிக்கு இரண்டாம் நாள், தமிழாசிரியர் ஒருவர் வந்தார். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் படித்தவர். இங்கே பல தமிழாசிரியர்களுக்குத் தமிழ் புத்தகத்திலிருந்து வந்தது, வீட்டில் கிரியோல், அதனால் பேசும்போது அச்சிட்ட தமிழ் பேசுவார்கள், எனக்கு அது கேட்கக் கேட்க ஆசை. "சகோதரி, நேற்று மாலை முதல் இடப்பக்க நெஞ்சு நோகின்றது" என்றார். ஐம்பத்து நாலு வயது, சர்க்கரை உண்டு. சர்க்கரை இந்தத் தீவில் பெரியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு உண்டு.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நடந்தால் கூடுகிறதா, வியர்த்ததா, தாடைக்கோ கைக்கோ பரவுகிறதா, மூச்சு வாங்குகிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். "சற்று அழுத்திப் பாருங்கள், அழுத்தினால் வலிக்கின்றது, ஆகவே தசையாகத்தான் இருக்க வேண்டும்" என்று அவரே தீர்ப்பும் சொன்னார். இந்த வாதத்தைத்தான் நான் வாரம் ஒரு தடவையாவது கேட்கிறேன், வீட்டில் ஒருவர் நெஞ்சை அமுக்கிப் பார்த்துவிட்டு வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துத் தூங்க வைப்பதும் இதே வாதத்தில்தான். அமுக்கினால் வலிப்பது மார்புச் சுவரின் பக்கம் கொஞ்சம் சாய்வு காட்டும், அவ்வளவுதான். மாரடைப்பு வந்தவருக்கும் அமுக்கினால் நெஞ்சு நோகலாம். அதுவும் சர்க்கரைக்காரர் என்றால் இதயம் வாய் திறந்து சொல்லாமலே கூட இருந்துவிடும். இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் பார்க்காமல் நான் விரல் வைக்க மாட்டேன் என்று அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன், இங்கே அதற்குப் பணம் கிடையாது, வரிசை மட்டும் உண்டு. முகம் சுண்டிப்போய்தான் போனார். போகிற வழியில் "முருகனுக்கு எடுத்தது" என்று எனக்குக் கேட்கும்படியாகவே முணுமுணுத்தார்.

மறுநாள் மாலை காகிதங்களோடு வந்தார். எல்லாம் சரி. இப்போது தொடலாம்.

அவர் காட்டின இடம் இடது காக்கா மூக்குக்குக் கீழே, மூன்றாவது நாலாவது விலா எலும்பின் மேல். விலா எலும்பை எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது: தொண்டைக்குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலைக் கீழே இறக்கினால் ஒரு மேடு இடறும், அதன் பக்கத்தில் ஒட்டுவது இரண்டாவது விலா, அங்கிருந்து எண்ணிக்கொண்டு இறங்கலாம். முதல் விலா காறை எலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பதால் மேலிருந்து எண்ணத் தொடங்குபவர் எப்போதும் ஒன்று தப்புவார். சரி, இடம் தெரிந்தது. ஆனால் அந்த ஓர் அங்குலத்தில் வெங்காயம் மாதிரி அடுக்கு இருக்கிறது. தோல், கொழுப்பு, பெக் மேஜர், அதற்கடியில் பெக் மைனர், அப்புறம் விலா எலும்பு, விலாக்களுக்கு நடுவில் உள்ள தசை. மேலே ஒரு விரல் வைத்து அமுக்கினால் எல்லாவற்றையும்தான் அமுக்குகிறோம். எது அய்யோ என்றது?

அதற்குத்தான் வேலை கொடுப்பது. முதலில் தோலைக் கிள்ளி உருட்டினேன், வலி இல்லை. பெக் மேஜரின் ஓரத்தை மேலே சொன்ன மாதிரி இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, விலாவிலிருந்து தூக்கி, பிசைந்தேன். இல்லை. இடுப்பை அழுத்தச் சொல்லி விறைப்பாக்கினேன், இல்லை. ஆக மேல்மாடிக்காரர் குற்றவாளி இல்லை. அடுத்து விலா: வலிக்கும் இடத்தைத் தொடாமல் அதே விலாவை முதுகுப் பக்கத்திலும் பக்கவாட்டிலும் மெதுவாக அமுக்கினேன், இருமச் சொன்னேன், ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னேன். எலும்பில் விரிசல் இருந்தால் தூரத்தில் அமுக்கினாலும் அந்த இடம்தான் கத்தும். கத்தவில்லை.

மிச்சம் பெக் மைனர். மூன்று, நாலு, ஐந்தாவது விலாக்களிலிருந்து விசிறி மாதிரி கிளம்பிக் காக்கா மூக்கில் போய் முடிகிற தசை, முழுக்க மேஜருக்கு அடியில் ஒளிந்திருப்பது. அவரை உட்கார வைத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் இடுப்பில் வைக்கச் சொன்னேன், மேஜர் அப்போது தளர்ந்திருக்கும். என் விரல் மூன்றை அந்த இடத்தில் வெறுமனே படியவைத்து, "கையை முதுகிலிருந்து பின்பக்கமாகக் கொஞ்சம் எடுங்க சார்" என்றேன். மேஜரின் மெத்தைக்கு அடியில் ஏதோ எழுந்து என் விரலில் முட்டியது, அதே நொடியில் அவரும் "அய்யோ" என்றார். அச்சுத் தமிழ் இல்லாத ஒரே சொல்.

உறுதி செய்துகொள்ள அவரைப் படுக்க வைத்து, அக்குள் பக்கமிருந்து மேஜரின் ஓரத்துக்கு அடியில் விரலை விட்டு, விலாவோடு ஒட்டிக் காக்கா மூக்கைப் பார்த்து மெல்ல நகர்ந்தேன். இங்கே அவசரம் ஆகாது. கைக்குப் போகிற நரம்புக் கற்றையும் ரத்தக் குழாயும் அந்தத் தசைக்குப் பின்னால்தான் போகின்றன. விரல் நுனியில் மரமரப்பு என்று நோயாளி சொன்னால் விரலை எடுத்துவிட வேண்டும். நடுவழியில் ஒரு பட்டை, வலது பக்கத்தைவிடக் கடினமாக, தொட்டால் அவருடைய வலி அப்படியே. நாலு மணி நேரம் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சுமை தோளை முன்பக்கமாக வளைத்து வைக்க, வெயிலில் மேல்மூச்சு வாங்கினால் மூச்சுக்கும் இந்தத் தசை கை கொடுக்கும், பாவம் அது என்ன செய்யும்.

நான் செய்துகொண்டிருந்ததற்குத் தமிழில் என்ன பெயர் என்று அவரைக் கேட்டேன், பள்ளிக்கூட வாத்தியார் கிடைக்கும்போது கேட்டுவிட வேண்டும். யோசிக்கவே இல்லை, "பரிசம்" என்றார். சித்த மருத்துவத்தில் நோய் அறியும் எட்டு வழிகளில் நாடிக்கு அடுத்தது அது, நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று ஒப்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் பரிசம் என்றால் பெண்ணுக்குப் போடுவது, தாம்பூலம் மாற்றுவது. அவருக்கு அது தெரியாது, நான் சொன்னதும் கொஞ்ச நேரம் திகைத்துவிட்டு அவரும் சிரித்தார், சிரிக்கும்போது நெஞ்சு வலித்தது, மறுபடி அய்யோ.

வைத்தியம் சாதாரணம்தான். ஒரு வாரம் பாரம் தூக்காமை, கதவு நிலையில் முன்கையை வைத்து மார்பை விரித்து நிற்பது, தோள்பட்டையைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது. அடுத்த வருடம் சட்டத்துக்குக் கீழே ஒரு துணிச் சும்மாடு வைத்துக்கொள்ளலாமே என்றேன். "காவடிக்கு மெத்தையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பெக் மேஜரின் மேல்தான் மார்பகம் இருக்கிறது, அதனால் பல பெண்களுக்கு இந்தப் பரிசோதனையே நடப்பதில்லை, ஆண் தெரபிஸ்ட் தொடத் தயங்குவார், பெண்ணும் காட்டத் தயங்குவார், தோள் வலி என்று கழுத்துக்கு வைத்தியம் நடந்துகொண்டிருக்கும். என் வழக்கம், தொடுவதற்கு முன்னால் எந்த இடம், எதற்காக, எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுவது, துண்டால் மூடிவிட்டுத் தேவையான இடத்தை மட்டும் திறப்பது, அவர் கூட்டிவந்த அக்காவோ மகளோ உள்ளேயே இருக்கட்டும் என்பது. அக்குள் ஓரமும் காறை எலும்பின் கீழும் போதும், முக்கால்வாசி சேதி அங்கேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அவர் கையையே அந்த இடத்தில் வைக்கச் சொல்லி, அதன் மேல் என் கையை வைக்கிறேன், அக்கா செய்த மாதிரி, ஆனால் தலைகீழாக. சொல்லிவிட்டுத் தொட்டால் உடம்பு விறைக்காது. திடீரென்று தொட்டால் எல்லாத் தசையும் ஒன்றாக விறைத்துக்கொள்ளும், அப்புறம் எதைக் கண்டுபிடிப்பது? கல்லூரியில் திரை போட்டு மறைத்ததற்குப் பதில் இந்த மரியாதையை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

முதுகுப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோள்பட்டை எலும்பில் குறுக்கே ஒரு வரப்பு ஓடும், வரப்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசை, கீழே இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசை. மேலே உள்ளதன் நாண் தோள் உச்சியில் இருக்கும் எலும்புக் கூரைக்கு அடியில் மறைந்திருக்கும். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் நாண் முன்பக்கமாக வெளியே வரும், அப்போதுதான் விரலுக்குக் கிடைக்கும். கீழே உள்ளது வற்றிப்போய்க் குழி விழுந்திருந்தால் சட்டையைக் கழற்றினால்தான் தெரியும், சட்டையோடு பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று நான் அனுப்பியவர் ஒருவர் உண்டு, இரண்டு மாதம் கழித்து வந்தபோது முதுகைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. சுவரில் கை ஊன்றித் தள்ளச் சொன்னால் தோள்பட்டை இறக்கை மாதிரிப் பிதுங்குகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும், தோள்பட்டையை விலாவோடு ஒட்டிப் பிடிக்கும் செர்ரேட்டஸ் தசை வேலை செய்யாவிட்டால் பிதுங்கும்.

கடைசியாக அந்தப் பாட்டி. தெற்கே ஒரு கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்தவர். 1945இல் இந்தத் தீவில் போலியோ கொள்ளைநோய் வந்தது; அந்த வருடம் புயலும் சேர்ந்து அடித்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் நரம்புக் காயங்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஹெர்பர்ட் செட்டன் அதையொட்டி இங்கே வந்திருக்கிறார். பாட்டிக்கு அப்போது மூன்று வயது. கால் தப்பியது, வலது தோள் போயிற்று. எண்பதைத் தாண்டி என்னிடம் வந்தது போலியோவுக்காக இல்லை, இத்தனை வருடம் இரண்டு கை வேலையைச் செய்த இடது தோள் இப்போது வலிக்கிறது என்று. தமிழ் கொஞ்சம், கிரியோல் அதிகம், என்னை "மோ ஸான்ஃபான்" என்பார், என் பிள்ளை.

நல்ல பக்கம் முதலில் என்றேன் அல்லவா, இவருக்கு எது நல்ல பக்கம் என்று ஒரு கணம் தடுமாறினேன். வலது கையைத் தூக்குங்கள் பாட்டி என்றேன். தூக்கினார்! மார்பு உயரத்துக்கு, உடம்பை இடப்பக்கம் சாய்த்து, உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு. பார்க்கிறவர் டெல்டாய்டு கொஞ்சம் பிழைத்திருக்கிறது என்று எழுதிவிடுவார். கையை வைத்தேன். தோளின் வளைவே இல்லை, எலும்புக் கூரைக்குக் கீழே என் விரல் நுனி உள்ளே போகிற அளவுக்கு இடைவெளி, அதற்குக் கீழே தோலும் தளர்ந்த கொழுப்பும். "இன்னொரு தடவை, தூஸ்மான்." மெதுவாகத் தூக்கினார். டெல்டாய்டு இருக்க வேண்டிய இடத்தில் என் விரலுக்குக் கீழே எதுவும் எழவில்லை. மற்ற கையைக் கீழே இறக்கினேன், பைசெப்ஸ் கயிறாக நின்றது. காறை எலும்புக்குக் கீழே போனேன், பெக் மேஜரின் மேல்தலை கல் மாதிரி. கையை வெளிப்பக்கம் திருப்பினால் பைசெப்ஸின் நெட்டைத்தலையால் தோளைத் தூக்க முடியும் என்பதை மூன்று வயதுக் குழந்தை யாரும் சொல்லாமல் கண்டுபிடித்து, எண்பது வருடமாக அதை வைத்தே துணி துவைத்து, ரொட்டி தட்டி, நாலு பிள்ளை வளர்த்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு தசையாகத் தனியே எழுப்பிப் பார்த்துவிட்டு, இயற்கையில் எந்தத் தசையும் தனியாக வேலை செய்வதில்லை என்றார். பாட்டிக்குக் கரண்ட் தேவைப்படவில்லை.

தசை பலத்துக்கு நாங்கள் 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறோம், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நரம்பு அறுந்த சிப்பாய்களுக்காக பிரிட்டனில் வகுத்த முறை. 5 என்றால் முழு பலம், 3 என்றால் புவியீர்ப்பை மீறித் தூக்குகிற அளவு, 0 என்றால் ஒன்றுமே இல்லை. இதில் 1 தான் விசேஷம்: எதுவும் அசையாது, ஆனால் தசைக்குள் ஒரு துடிப்பு இருக்கும். ஒல்லியான ஆளாக இருந்தால் கண்ணுக்குத் தெரியலாம், பெரும்பாலும் விரலுக்குத்தான் தெரியும். பாட்டியின் டெல்டாய்டுக்கு 0 என்று எழுதப் போனவள், முன்பக்க நார்களை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, அவர் கையை என் தொடை மேல் தாங்கி வைத்து, பைசெப்ஸ் தளரும்படி முழங்கையை மடக்கி, செய்தித்தாள் அடியில் முடி தேடுகிற விரலை வைத்து, "முன்னால் தள்ளுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், தள்ள வேண்டாம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மகன் கிரியோலில் சொன்னார். மூன்றாம் முறை, காக்கா மூக்குக்கு வெளிப்பக்கம், அரை விரல் அகலத்தில், ஒரு துடிப்பு. விட்டது. மறுபடி சொன்னேன், மறுபடி துடிப்பு.

பாட்டியின் இடது கை விரலை எடுத்து அங்கே வைத்து, மேலே என் விரலை வைத்தேன். அவருக்குத் தட்டுப்பட்டதா என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டார், இதை வைத்து அடுப்பு மேல் தட்டில் இருக்கிற மசாலா டப்பாவை எடுக்க முடியுமா?

முடியாது பாட்டி என்றேன். அட்டையில் 1 என்று எழுதினேன். இடது தோளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பேசினோம், தலைக்கு மேலே கை போகிற வேலையை நிறுத்தினால் பாதி வலி போய்விடும் என்று மகனிடம் சொன்னேன். அடுத்த வாரம் வந்தபோது தட்டைக் கழற்றி, பாட்டியின் இடுப்பு உயரத்துக்கு இறக்கி ஆணி அடித்துவிட்டதாகச் சொன்னார். இப்போது பூனை ஏறுகிறதாம்.